வெட்ட ஆளில்லாத மரங்கள்

தெரூவா மகளைப் பறிகொடுத்து ஆறு மாதம் ஆகிறது. மகளின் பெயரை நான் இங்கே சொல்லப்போவதில்லை. அமேசான் காட்டில், பூருஸ் ஆற்றின் இந்தக் கிளையில் செத்தவர் பெயரை யாரும் வாயில் எடுப்பதில்லை. நான் சொல்லி, அது எப்படியோ சுற்றி வளைத்துத் தெரூவாவின் காதில் விழுந்துவிட்டால், அப்புறம் அவள் என் முகத்தில் விழிக்கமாட்டாள். பத்தொன்பது வயதுப் பெண். மழைக்கு முன்னே வந்த காய்ச்சலில் ஐந்தே நாளில் போய்விட்டாள்.

அன்றிலிருந்து தெரூவாவின் முகத்தில் கரி. மற்றப் பெண்களோடு ஆற்றில் இறங்கிக் குளிக்கக்கூடாது. வலைத்தூளியில் படுக்கக்கூடாது, தரையில் ஓலைதான். மீனானாலும் மரவள்ளி அடையானாலும் உப்பு, மிளகாய் இல்லாமல், ஊருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துதான் தின்ன வேண்டும். ஆனால் இதெல்லாம் மூன்று நிலவுக்குமேல் நீளாத துக்கம். மூன்றாம் நிலவு தேய்வதற்குள், செத்தவர் தன் கையால் நட்ட மரம் ஒன்றுவிடாமல் உறவுக்காரர்கள் வெட்டிச் சாய்த்துவிடுவார்கள். நட்டவர் உயிர் நட்ட மரத்தைத்தான் சுற்றிக்கொண்டு நிற்கும். மரம் விழுந்தால்தான் அதற்குப் போகிற வழி தெரியும். அது போனபிறகு தாய்க்காரி முகம் கழுவுவாள், தூளியில் ஏறிப் படுப்பாள், ஒருநாள் எதற்காவது சிரித்தும் விடுவாள். இத்தனை காலமாக அப்படித்தான் நடந்துவந்திருக்கிறது.

தெரூவாவின் மகளுடைய மரங்கள் மட்டும் ஐந்து நிலவு கடந்தும் நின்றன. காரணம், கோர்ட்டு.

தவளை ஓடைக்கு இந்தப் பக்கம்வரை தன் நிலம்தான் என்று மாட்டுப் பண்ணைக்காரன் ஒருவன் வழக்குப் போட்டிருந்தான். 'மேற்படி இடம் மனிதக் கை படாத காடு' என்று அவனுடைய வக்கீல் எழுதிக் கொடுத்திருந்தார். ஒரு தடவைகூட வந்து பார்க்காமல் இப்படி எழுத எவ்வளவு தைரியம் வேண்டும் பாருங்கள். கோர்ட்டு இரண்டு பக்கத்தையும் கேட்டுவிட்டு, நீங்கள் இங்கே நட்டு வளர்த்து வாழ்ந்ததற்கு அடையாளம் காட்டுங்கள், ஒரு நிபுணரை அனுப்புகிறோம் என்றது. மனிதர்கள் சொன்னால் போதாது, மரம் வந்து சாட்சி சொல்ல வேண்டும்.

ஓடைக்கரையில் அப்படிக் காட்ட இருந்தது ஒன்றே ஒன்று. அறுபத்திரண்டு முள்பனை, வரிசை பிசகாமல். வயதுக்கு வந்த வருஷம் மகள் நட ஆரம்பித்தது. கன்றுகளைப் பிள்ளையைச் சுமப்பதுபோலத் தோள்துணியில் கட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் நடந்துபோய் வைத்தாள். "ஊர்ப்பக்கம் வச்சா உங்க எல்லாருக்கும் பங்கு கொடுக்கணும், அங்க வச்சா கிளிக்கு மட்டும் கொடுத்தா போதும்" என்று கேலி பேசுவாள். இப்போது ஒவ்வொரு பனையும் இரண்டு ஆள் உயரம் தாண்டிவிட்டது.

தெரூவாவின் தம்பி அவாரிதான் ஊருக்குப் பெரிய தலை. டவுனுக்குப் போகவும் வக்கீலோடு பேசவும் தெரிந்தவன். மூன்றாம் நிலவு தேய ஆரம்பித்தபோது அக்காவிடம் வந்து உட்கார்ந்தான்.

"அக்கா, கொஞ்சம் பொறுத்துக்க. வர்ற மாசம் அந்த நிபுணர் அம்மா வந்துரும். எண்ணிப் பாத்து எழுதிட்டுப் போகட்டும். மறுநாளே நானே கோடாலி எடுக்கிறேன்."

"அவ அங்க பசியோட நிக்கிறாடா."

"தெரியும்க்கா."

"உனக்கு என்ன தெரியும்? நீ தூளியில படுக்கிற."

அன்று முதல் அவாரியும் தரையில் படுத்தான். அவன் பெண்டாட்டி கெலீமாவுக்கு அது பொறுக்கவில்லை. "அக்காளும் தம்பியும் சேர்ந்து என் வீட்டை நிரந்தர இழவு வீடா ஆக்குங்க" என்று வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, ஓலைப்பாய் ஒன்று புதிதாக முடைந்து புருஷனுக்குக் கொடுத்தாள்.

வரவேண்டிய மாதத்தில் நிபுணர் வரவில்லை. படகு இல்லையாம். அடுத்த மாதம் ரேடியோவில் கேட்டால், ஆபீஸ் லீவாம். ஜனவரிக் கடைசியில், கையெழுத்துப் போடவேண்டியவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்களாம். அதற்குப்பிறகு ரேடியோவில் பேட்டரி தீர்ந்துபோனது. ஒரு தாயின் துக்கத்துக்கு நாள் குறிப்பவர்கள் எங்கேயோ மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

பிப்ரவரியில் பனைகள் பழுத்தன.

முள்பனை பழுத்தால் சும்மா பழுக்காது. கழுத்துக் கொள்ளாமல் குலை குலையாகச் செக்கச்செவேலென்று தொங்கும். வேகவைத்தால் நல்ல மாவுக்கிழங்கு மாதிரி இருக்கும். சாதாரணமாக அந்த மாதத்தில் ஊரில் வேறு பேச்சே இருக்காது. ஆனால் செத்தவர் மரத்துப் பழத்தைத் தொடக்கூடாது. அது செத்தவர் கூப்பிடுகிற குரல். தின்றால் அவர்கள் உடம்பையே தின்றதாக அர்த்தம். யாரும் அந்தப் பக்கம் போகவில்லை, தெரூவாவைத் தவிர. அவள் தினமும் அவ்வளவு தூரம் நடந்துபோய் மரங்களுக்கு எட்டத்தில் உட்கார்ந்திருப்பாள். கிளிகள் கத்தும். பழம் பொத்துப்பொத்தென்று விழும். விழுந்தது அழுகிப் புளிப்பு வாடை காற்றில் வரும்.

மார்ச்சு மாதம் ஒருநாள், எதையோ நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், தன் வாய் அசைவதைக் கவனித்தாள். கையில் கடித்த பழம் இருந்தது. எப்போது எழுந்துபோனாள், எப்போது பொறுக்கினாள், எதுவும் நினைவில்லை. பச்சையாகக் கடித்த பழம் நாக்கை அரித்தது. துப்பினாள், மண்ணை அள்ளி வாயைத் தேய்த்தாள், ஓடைக்கு ஓடி வாயைக் கழுவினாள். அரிப்பு போகவில்லை. பெற்ற மகளையே கடித்துவிட்டாள்.

நேரே ஊருக்குத் திரும்பிவந்து கோடாலியை எடுத்தாள். அவாரி மீன்பிடிக்கப் போயிருந்தான். ஊரில் யாரையும் பார்க்காமல், யாரிடமும் பேசாமல் திரும்ப நடந்தாள்.

முள்பனையை வெட்டுவது லேசான காரியம் இல்லை. அடிமரம் இரும்பு மாதிரி, அதைச் சுற்றி விரல் நீள முள். முதல் நாள் பதினேழு மரம் சாய்த்தாள். இரண்டாம் நாள் உள்ளங்கை முழுக்க முள்ளும் இரத்தமுமாக, கோடாலிக் காம்பு வழுக்க வழுக்க வெட்டிக்கொண்டிருந்தபோது கெலீமா மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள்.

"மதினி! உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா? ஊரு நிலமெல்லாம் இந்த மரத்துலதான் தொங்குது! உன் தம்பி வந்து கேட்டா நான் என்ன பதில் சொல்லுவேன்?"

தெரூவா கோடாலியை நிறுத்தவில்லை. "நான் தின்னுட்டேன் கெலீமா."

"என்னத்த?"

"பழத்தை. தெரியாம தின்னுட்டேன்."

கெலீமா அழுகிய பழங்களைப் பார்த்தாள், பிறகு மதினியின் கைகளைப் பார்த்தாள். இடுப்பிலிருந்த வெட்டுக்கத்தியை உருவினாள். "தள்ளு. இந்தப் பக்கத்து வரிசைய நான் பாத்துக்கிறேன். எப்படியும் திட்டு வாங்கப்போறோம், ரெண்டு பேரா வாங்குவோம்" என்றாள்.

பொழுது சாய்வதற்குள் அறுபத்திரண்டும் விழுந்தன. தெரூவா ஓடையில் இறங்கிக் கழுத்துவரை மூழ்கி உட்கார்ந்தாள். கெலீமா அவள் முகத்துக் கரியை மணல்போட்டுத் தேய்த்தாள். ஆறு மாதக் கரி, தோலோடு ஒட்டியிருந்தது. "அப்பா, அடியில ஒரு பொம்பளை இருக்கா!" என்றாள் கெலீமா. தெரூவா சிரித்துவிட்டாள். சிரித்த அடுத்த நிமிஷமே அழுதாள். அது வேறு அழுகை, வலி குறைகிறபோது வருகிற அழுகை.

அவாரி திரும்பிவந்ததும் கெலீமா எல்லாவற்றையும் சொன்னாள். அவன் சத்தம் போடவில்லை. அக்காவின் வீட்டுக்குப் போனான். அவள் தூளியில் படுத்திருந்தாள்.

"அக்கா, நேத்து ராத்திரி தூங்குனியா?"

"தூங்குனேன்டா."

"கனா எதுவும் வந்துச்சா?"

"வரல. அவ போயிட்டா."

"அப்பச் சரி" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தான். வெளியே வந்து, முகத்தை யாருக்கும் காட்டாமல் மீன் செதிலை உரித்துக்கொண்டே இருந்தான். உரிக்க மீன் தீர்ந்தபிறகும் கத்தியைக் கீழே வைக்கவில்லை.

மரங்கள் விழுந்த நாலாம் நாள் காலையில் படகுச் சத்தம் கேட்டது.

வந்த நிபுணரின் பெயர் இவொனேச்சி, மரியாதைக்கு அம்மா என்பதுபோல 'தோனா' சேர்த்துக் கூப்பிடுவார்கள். குள்ளமான, வெயிலில் கறுத்த பெண்மணி. ரப்பர் பூட்ஸ், தோளில் இரண்டு பை. தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டாள், அதுவும் உண்மையாகவே. நல்ல மனுஷிதான். கெட்ட மனுஷியாக இருந்திருந்தால் தெரூவாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஓடைக்கரைக்கு இவொனேச்சி, அவாரி, தெரூவா, கெலீமா நால்வரும் நடந்தார்கள். அறுபத்திரண்டு அடிக்கட்டைகளும் வெட்டுக்காயம் ஈரம் காயாமல் நின்றன. இவொனேச்சி ஒவ்வொன்றாகப் போட்டோ எடுத்தாள், நாடா பிடித்து அளந்தாள். அவாரி வழக்கத்தைச் சொன்னான். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

"நான் நம்புறேன். வரிசையப் பாத்தாலே தெரியுது, நட்டதுதான்" என்றாள். "ஆனா எதிர்க்கட்சி வக்கீல் என்ன சொல்லுவார் தெரியுமா? தானா முளைச்ச பனைங்கள, நிபுணர் வர்றாங்கன்னு தெரிஞ்சு, நட்ட வரிசை மாதிரி தெரிய நாலு நாளைக்கு முன்னாடி வெட்டிப் போட்டிருக்காங்கன்னு சொல்லுவார். வேற எதாவது இருக்கா? உங்க அப்பா நட்டது, அவங்க அப்பா நட்டது?"

"எல்லாம் வெட்டியாச்சு தோனா."

"எல்லாமேவா?"

"செத்த அத்தனை பேரோடதும். நாங்க யாரையும் விட்டுவச்சதில்ல." அவாரி அதைக் கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னான். சொல்லி முடித்தபிறகுதான் தான் சொன்னது என்னவென்று அவனுக்கே உறைத்தது. எத்தனையோ தலைமுறை இந்த ஓடைக்கரையில் நட்டுப் பிழைத்திருக்கிறது. ஒவ்வொரு தலைமுறையும் முந்தின தலைமுறையை நேசித்த நேசத்தில், அது இருந்த சுவடே இல்லாமல் துடைத்திருக்கிறது. பண்ணைக்காரனின் வக்கீல் கையெழுத்துப் போட்டது அவர்களுடைய கண்ணீரின்மேல்.

தெரூவா பின்னால் நின்றுகொண்டிருந்தாள். போர்த்துகீஸ் அவளுக்குப் பேசத்தான் வராது, புரியும். நிலம் தன்னால் போகிறது என்று அவளுக்குத் தெளிவாகப் புரிந்தது.

படகுக்குத் திரும்புகிற வழி கொட்டைமரக் காட்டின் ஊடாகப் போகிறது, அதுவும் வழக்கு நிலத்துக்குள்தான். வானத்தை முட்டுகிற மரங்கள், நானூறோ ஐந்நூறோ இருக்கும். வருஷாவருஷம் மழைக்காலத்தில் ஊரே இங்கே வந்துவிடும். தேங்காய் அளவுக் காய்கள் மேலேயிருந்து விழும், பொறுக்கி உடைத்தால் உள்ளே கொட்டை. மச்சான் முறைக்காரர்கள் ஒருவரை ஒருவர் கிண்டல் செய்வதும் சமைப்பதும் பாடுவதுமாக ஒரு மாதம் திருவிழாதான்.

இவொனேச்சி நடுக்காட்டில் நின்றுவிட்டாள். குனிந்து சருகை விலக்கி மண்ணை அள்ளினாள். கன்னங்கரிய மண். அதிலிருந்து ஓர் ஓட்டாஞ்சில்லை எடுத்துத் துடைத்தாள். இன்னும் நாலு இடத்தில் தோண்டினாள்.

"இதை யார் நட்டது?"

"இதுவா?" அவாரிக்குச் சிரிப்பு வந்தது. "இது காடு தோனா. காட்டெலி கொட்டையப் புதைச்சு வச்சிட்டு மறந்துபோகும், அதுல முளைச்சது. எங்கம்மா அப்படித்தான் சொல்லும்."

"காட்டெலி இப்படி மண்ணைக் கறுப்பாக்காது. இது கரியும் மீன்முள்ளும் குப்பையுமாப் போட்டுப் போட்டு, பல நூறு வருஷம் மனுஷங்க ஊட்டி வளர்த்த மண்ணு." அவள் குரலில் பரபரப்பு ஏறியது. "கொட்டைமரம், நடுவுல கோக்கோ, ஓரத்துல பனை, அதோ முந்திரி. இதெல்லாம் ஒண்ணா தானா வந்து நிக்காது. இது தோட்டம். இங்க ஆயிரக்கணக்குல ஆளுங்க இருந்திருக்காங்க!"

"அவங்க எங்க போனாங்க?" என்று தெரூவா கேட்டாள். அவாரி மொழிபெயர்த்தான்.

"காய்ச்சல்மா. வெள்ளைக்காரன் இவ்வளவு தூரம் வர்றதுக்கு முன்னாடியே அவன் கொண்டுவந்த காய்ச்சல் ஆத்தோட ஏறி வந்திருச்சு. பல ஊர்ல ஒரே மழைக்காலத்துல எல்லாம் முடிஞ்சுபோச்சு."

"எல்லாருமா?"

"அநேகமா எல்லாரும்."

தெரூவா அண்ணாந்து பார்த்தாள். மரத்துக்கு மரம் பார்த்துக்கொண்டே போனாள். பிறகு தன் மொழியில், தம்பியிடம் மட்டும் சொன்னாள்: "அப்ப இவங்க மரத்தை வெட்ட ஒருத்தர்கூட மிஞ்சலையாடா?"

அவாரி இதை மொழிபெயர்க்கவில்லை.

இவொனேச்சி பையிலிருந்து படிவத்தை எடுத்தாள். "இதை வச்சே கேஸ் ஜெயிக்கலாம். அந்த அறுபத்திரண்டு எதுக்கு, இது போதும். ஒண்ணே ஒண்ணுதான் வேணும். இவங்க உங்க ஆளுங்கன்னு ஊர்ல ஒருத்தர் சொல்லணும். என்ன உறவுன்னு இந்தக் கட்டத்துல எழுதணும். தாத்தாவுக்குத் தாத்தான்னு எதையாவது சொல்லுங்க, போதும்."

ஒரு வார்த்தைதான். அவாரி கணக்குப் போட்டுப் பார்த்தான். இவர்கள் நம் ஆட்கள் என்று சொல்லிவிட்டால், இத்தனை தலைமுறையாகத் தின்ற கொட்டையெல்லாம் நம் செத்தவர்களுடையது. ஆடிப்பாடியதெல்லாம் அவர்கள் பட்டினியாக நின்ற இடத்தில். அதோடு, செத்தவர் மரம் நிற்கிறவரை உறவுக்காரர்களில் ஒருத்தியாவது துக்கத்தில் உட்கார வேண்டும். இந்த மரங்களையோ இனி வெட்டமுடியாது. வெட்டினால் சாட்சியும் போச்சு, நிலமும் போச்சு.

கெலீமா மெல்லச் சொன்னாள்: "பொய்யாச் சொல்லிருவோமே. காகிதத்துக்குத்தானே?"

"காகிதத்தைச் செத்தவங்க படிக்கமாட்டாங்க" என்றாள் தெரூவா. "சொன்னா காதுல விழும். இத்தனை வருஷம் கழிச்சு ஒருத்தர் கூப்பிடுறாங்கன்னு வந்து நிப்பாங்க. கூப்பிட்டுட்டு முகத்தைத் திருப்பிக்க முடியுமா?"

"அக்கா, நீ இப்பத்தான் நாலு நாளா தூளியில படுக்கிற" என்றான் அவாரி. "வேற யாராவது சொல்லட்டும். நான் சொல்றேன்."

"ஆம்பளை ஆரம்பிச்சு வைக்கிற அழுகையாடா இது? நான்தானே வெட்டுனேன்."

அருகிலிருந்த மரத்தடிக்குப் போனாள். நாலு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத மரம். கறுப்பு மண்ணைத் தண்ணீரில்லாமலே இரண்டு கையாலும் அள்ளி முகத்தில் தேய்த்துக்கொண்டாள். ஒப்பாரியை உறவுமுறை சொல்லித்தான் தொடங்க வேண்டும். பாட்டன் என்பாள், பூட்டி என்பாள் என்று மற்றவர்கள் காத்திருந்தார்கள். அவளும் அப்படித்தான் வாயைத் திறந்தாள். ஆனால் அவள் தொண்டையில் ஆறு மாதமாக வேறு ஒரு சொல்தான் இருந்தது.

"மகளே..." என்று கத்தினாள். "ஏ மகளே, உன்னை யாரும் அழலையே! உன் மரத்தை யாரும் வெட்டலையே! உன் கொட்டையத் தின்னு நாங்க சிரிச்சோமே மகளே!"

ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குப் போனாள். அங்கேயும் மகளே. அதற்கடுத்ததிலும் மகளே. கெலீமா வாயைப் பொத்திக்கொண்டு விம்மினாள். பறவைகள்கூடப் பயந்துபோய் அடங்கிவிட்டன.

இவொனேச்சி பேனாவைப் பிடித்தபடி நின்றாள். அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், ஆனால் படிவத்தில் கட்டம் காலியாக இருந்தது. "நான் என்ன உறவுன்னு எழுதட்டும்?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"மகள்னு எழுதுங்க" என்றான் அவாரி.

"நானூறு வருஷத்து ஆளுங்க..."

"எழுதுங்க தோனா. எங்க ஊர்ல அப்படித்தான்."

அவள் எழுதினாள். எழுதி முடித்துவிட்டு, "அவங்க எவ்வளவு நேரம் இப்படி அழுவாங்க?" என்று கேட்டாள்.

"இன்னைக்கு அழுகை இருட்டுறவரைக்கும் இருக்கும். துக்கம், இந்த மரமெல்லாம் நிக்கிறவரைக்கும்."

"இது இன்னும் இருநூறு வருஷம் நிக்குமே!"

"அது அக்காவுக்கும் தெரியும்" என்றான் அவாரி. இவொனேச்சியின் பையை வாங்கிக்கொண்டு படகை நோக்கி நடந்தான்.